ஜாடியின் வாயில் எலுமிச்சை வாசனை

காத்திபாஸ் ஆற்றங்கரை
9 பிப்ரவரி 1997

லுலோங்குக்கு,

பதினோரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. என் தம்பி உங்காட், உன்னைக் கட்டியிருந்தவன், மரம் வெட்டும் முகாமில்தான் இருக்கிறான். முதுகுவலி, மற்றபடி நலம். நான் அப்படியே இருக்கிறேன். பற்கள் நான்கு குறைவு, வாய் குறையவில்லை என்று வீட்டுத் தலைவர் கிண்டல் செய்கிறார்.

உன் மகள் ஜவாய்க்கு இடம் பார்த்திருக்கிறோம். பையன் பேர் பிலிப். ஆற்றில் நமக்குக் கீழே மூன்றாவது நீள்வீட்டுக்காரன், படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். அமைதியான பையன். ஜவாயைப் பார்க்க வரும்போதெல்லாம் நம் படித்துறையில் யாருடைய எஞ்சினையாவது கழற்றி உட்கார்ந்துவிடுகிறான். இந்த இருவரும் எப்போதுதான் பேசிக்கொள்கிறார்களோ.

விஷயம் இதுதான். போன மாதம் பையனின் அம்மா பெண் பார்க்க வந்தாள். ஜவாய் தன் கையாலேயே துவாக் கள் வைத்திருந்தாள். ஒட்டரிசியை அவித்து ஆறவைத்து, நொதிக்கவைக்கிற மாவுருண்டையைப் பொடித்துத் தூவி, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். நானே பக்கத்தில் இருந்தேன். ஆனால் ஜாடியைத் திறந்தால் புளிப்பு. சாதாரணப் புளிப்பு இல்லை, மூக்கைச் சுளிக்க வைக்கிற புளிப்பு. பையனின் அம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை இறக்கி, “ஏம்மா, இது துவாக்கா, இல்ல மீனுக்கு ஊத்துற காடியா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தது போதாதென்று நம் நீள்வீட்டுக் கடைசி அறைக் கிழவி, “அம்மா கை அப்படியே வந்திருக்கு” என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பையனின் அம்மா போகும்போது, “இன்னொரு தடவ வைக்கட்டும், பாப்போம். அப்புறம் தேதி பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜவாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. “அத்தை, எனக்கும் அம்மா மாதிரிதானா?” என்று கேட்கிறாள்.

உன் காலத்தில் முதல் எட்டு வருஷம் உன் துவாக்கைக் குடிக்க மேல் ஆற்றிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். அதை யாரும் மறக்கவில்லை. நீ ஜாடியை எப்படிக் கழுவுவாய், எதெதைக் கொண்டு தேய்ப்பாய், எத்தனை நாள் காயவைப்பாய் என்று எழுதி அனுப்பு. மகளுக்காக.

எஞ்சானா


சிபு
27 பிப்ரவரி 1997

எஞ்சானா அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. ஜாடி கழுவுவது எப்படி என்று என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். அசுத்தமானவள் என்று நீங்களெல்லாம் படகேற்றி அனுப்பியவளிடம் சுத்தத்துக்குப் பாடம் கேட்க உங்களுக்குத் தைரியம் வேண்டும். அது உங்களுக்கு எப்போதும் உண்டு.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கத்தியும் கத்தரிக்கோலும் கழுவுகிறேன். கழுவி, நீராவிப் பெட்டியில் வைத்து, துணியில் சுற்றிக் கட்டி, தேதி எழுதுகிறேன். நான் கட்டிய பொட்டலத்தைப் பிரித்துத்தான் டாக்டர் மனிதர்களின் வயிற்றைத் திறக்கிறார். என் கையைப் பற்றி இதுவரை இங்கே யாரும் குறை சொல்லவில்லை.

சரி, மகளுக்காக எழுதுகிறேன். முதலில் ஆற்றுத் தண்ணீரில் அலசி உள்ளே ஒட்டியிருப்பதை எடுக்க வேண்டும். அது போகாமல் கொதிநீர் ஊற்றினால் அழுக்கு வெந்து இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு சலித்த அடுப்புச் சாம்பலை ஈரத்துணியில் தொட்டு, வாயிலிருந்து அடிவரை தேய்க்க வேண்டும். சோப்பு கூடாது, வாசனை நின்றுவிடும். பிறகு கொதிக்கக் கொதிக்க மூன்று தடவை தண்ணீர். ஒவ்வொரு தடவையும் மூடிவைத்து, ஆறினபிறகுதான் கொட்ட வேண்டும். அகப்பையும் மூடியும் அரிசி ஆறவைக்கிற பாயும்கூட அதே கொதிநீரைப் பார்க்க வேண்டும், பாயைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கடைசியாக இரண்டு முழு வெயில், கவிழ்த்து. துணியால் துடைக்கவே கூடாது. எவ்வளவு வெளுத்த துணியானாலும் கூடாது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஜவாய் எந்த ஜாடியில் வைத்தாள்? தோளில் மயிரிழை விரிசல் ஓடுகிற அந்தப் பழுப்பு ஜாடியிலா?

லுலோங்


காத்திபாஸ்
16 மார்ச் 1997

லுலோங்,

ஆமாம், அதே ஜாடிதான். வேறு எது இருக்கிறது? அம்மா உனக்குக் கொடுத்த ஜாடி, உன் மகளுக்கு. அதில் வைக்காமல் பிளாஸ்டிக் வாளியிலா வைப்பாள்?

இங்கே ஒரு வாரமாக மழை. ஆறு கலங்கி ஓடுகிறது. எக்ஸ்பிரஸ் படகு இரண்டு நாள் வரவில்லை, இல்லையென்றால் முன்பே எழுதியிருப்பேன். பன்றி ஒன்று குட்டி போட்டது, ஒன்பது.

நீ எழுதினதை ஜவாய்க்குப் படித்துக் காட்டினேன், கத்தி கத்தரிக்கோல் பகுதியை விட்டுவிட்டு. அவள் நீ சொன்னபடியே சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மூன்று கொதிநீர், இரண்டு வெயில். கையளவு அரிசி போட்டுப் பார்த்தோம். மறுபடியும் புளிப்பு. அவள் ஜாடிப் பக்கமே போகமாட்டேன் என்கிறாள். “என் கையிலதான் ஏதோ இருக்கு அத்தை” என்று கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருக்கிறாள். என்னால் பார்க்க முடியவில்லை.

ஒருவேளை ஜாடியே காரணமாக இருக்குமோ? எப்போதோ யாராவது அதில் வேறு எதையாவது போட்டு வைத்திருந்தால், விரிசலுக்குள் ஊறிப்போய், கழுவினாலும் போகாமல் இருக்குமா? நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், இதெல்லாம் தெரியும். யாராவது என்றுதான் சொல்கிறேன். ஒரு வீட்டில் எத்தனையோ பேர் புழங்குகிறோம்.

எஞ்சானா


சிபு
2 ஏப்ரல் 1997

எஞ்சானாவுக்கு,

அண்ணி என்று எழுதப்போய் நிறுத்திவிட்டேன்.

யாராவது இல்லை. நீங்கள்.

1986, காவாய் அறுவடைத் திருநாளுக்கு நான்கு வாரம் முன்பு. உங்காட் முகாமிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜாடியை மச்சிலிருந்து இறக்கித் தலையை உள்ளே விட்டு முகர்ந்தேன். எலுமிச்சை வாசனை. நம் வீட்டில் மீன் நாற்றம் போக எலுமிச்சை தேய்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான். உங்கள் பலகை, உங்கள் கத்தி, உங்கள் விரல், எல்லாம் எலுமிச்சை. துவாக் ஜாடிக்குப் பக்கத்தில் புளிப்பே வரக்கூடாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவரும் நீங்கள்தான். நீள்வீட்டின் பொதுக்கூடத்தில் பாய் முடைந்துகொண்டிருந்தீர்கள். வந்து கேட்டேன். “அண்ணி, ஜாடிய யாராச்சும் எடுத்தாங்களா?”

தலையை நிமிர்த்தாமலே சொன்னீர்கள். “உன் ஜாடிய தொட எனக்கென்ன கிறுக்கா?”

நம்பினேன். சாம்பல் போட்டேன், கொதிநீர் ஊற்றினேன், வெயிலில் வைத்தேன். வாசனை போய்விட்டது. அரிசியைப் போட்டேன்.

காவாய் அன்று திறந்தபோது என்ன ஆனது என்று நீங்கள் பார்த்தீர்கள். விருந்தாளிகள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். கடைசி அறைக் கிழவிதான் முதலில் சொன்னாள், “வெலக்கு நாள்ல கைய வெச்சிருக்கா.” தூரத்துக்குக்கூட உட்காராமல், மறைத்து, வீட்டுக் கௌரவத்தையே கெடுத்துவிட்டாள் என்று ஆளுக்கொன்று பேசினார்கள். உங்கள் தம்பி எழுந்து நின்றார். எல்லோர் முன்னாலும் கேட்டார்: “அப்ப புள்ள உண்டாயிருக்கேன்னு என்கிட்ட சொன்னது பொய்யா?”

அதுவரை அந்தச் செய்தி அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. உங்கள் முகத்தை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருக்கலாம். பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போனீர்கள்.

ஏன் அன்றே எலுமிச்சை விஷயத்தைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை என் புருஷன் கேட்டுவிட்ட பிறகு எந்தப் பதிலும் எனக்குப் பிரயோசனமில்லை. காலையில் படகேறினேன். ஜவாய்க்கு எட்டு வயசு. வீட்டுப் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்றீர்கள். படித்துறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நீங்கள்தான்.

பொய் இல்லை அது. என் அப்பா வீட்டுக்குப் போன மூன்றாவது வாரம் கரைந்துபோனது. படகில் அடிபட்டதாலா, அழுததாலா என்று பல வருஷம் கழித்து இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டேன். அப்படி எதையும் சொல்ல முடியாது, சும்மாவும் நடக்கும் என்றார். அதனால் அந்தப் பழியை உங்கள் மேல் போடக்கூட எனக்கு வழியில்லை. ஆனால் கரைந்த பிறகு நான் உண்டாயிருந்தேன் என்று யாரிடம் காட்டுவது?

இப்போது ஜவாயின் கை புண்ணாகிறது என்று எழுதுகிறீர்கள். எனக்கு நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். அந்த ஜாடியில் என்ன போட்டீர்கள் என்று அதே பொதுக்கூடத்தில், எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

லுலோங்


காத்திபாஸ்
20 ஏப்ரல் 1997

தங்கச்சி லுலோங்குக்கு,

உன் கடிதத்தை வாங்கி நான்கு நாள் திறக்கவில்லை. திறந்து ஒரு வாரம் பாயை விட்டு எழவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து ஜவாய் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

பிள்ளை கரைந்தது எனக்குத் தெரியாது. நீ நம்பமாட்டாய். எனக்குத் தெரியாது.

சொல்லிவிடுகிறேன். கடுகுக்கீரை. அந்த வருஷம் கீரை அளவுக்குமேல் விளைந்தது. ஊறப்போட என் ஜாடி உடைந்திருந்தது. உன்னுடையது மச்சில் சும்மா கிடந்தது. உப்பும் அரிசிக்கஞ்சியும் போட்டுக் கீரையை அதில் புளிக்கவைத்தேன். ஆறு வாரம். துவாக் ஜாடியில் கீரை ஊறப்போடுகிறவளை இந்த ஆற்றில் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எடுத்ததும் நாற்றம் தெரியாமலிருக்க எலுமிச்சை போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

கேட்டு வாங்கியிருக்கலாம். நீ கொடுத்திருப்பாய், இல்லை என் கீரையைப் போட வேறு ஏதாவது பார்த்துக் கொடுத்திருப்பாய். கேட்க மனசு வரவில்லை. நான் இந்த வீட்டில் பிறந்தவள், மூத்தவள். அம்மா ஜாடியை நேற்று வந்த உனக்குக் கொடுத்தாள். உன் துவாக்கைக் குடித்துவிட்டு ஆட்கள் உன் பேரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரியும். கெடுக்கவேண்டும் என்று கீரையைப் போடவில்லை, அது மட்டும் சத்தியம். ஆனால் கெட்டுப்போனபோது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நன்றாக வேண்டும் என்று இருந்தது. அதற்குள் உங்காட் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டான். அதற்கு மேல் எப்படி வாயைத் திறப்பது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்து வருஷமாகிவிட்டது.

ஜவாய்க்குப் புது ஜாடி வாங்கிவிட்டேன். கடையிலிருந்து நேராக வந்தது, ஒருவர் கையும் படவில்லை. நீ எழுதினபடி கழுவி, பாய்க்கும் கொதிநீர் ஊற்றி, அரிசியைப் போட்டாயிற்று. பழையதில் விரிசல், அதனால் மாற்றினேன் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

பொதுக்கூடத்தில் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிலிப் வீட்டார் வந்து உட்கார்ந்ததும், முதல் கிண்ணம் ஊற்றுவதற்கு முன்னால் சொல்கிறேன். நீ வா.

எஞ்சானா


காத்திபாஸ்
14 மே 1997

லுலோங்,

நேற்றுத் திறந்தோம். தேன்! பிலிப்பின் அம்மா மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, “போதும் போதும், இதுக்கு மேல குடிச்சா பொண்ண இன்னிக்கே தூக்கிட்டுப் போயிடுவேன்” என்றாள். ஜூன் ஏழு என்று தேதி வைத்தாயிற்று. ஜவாய் சிரித்து எத்தனை மாதம் ஆகிறது.

இப்போது எல்லோரும் ஜவாயின் கை சுத்தமான கை என்கிறார்கள். கடைசி அறைக் கிழவிகூட. பழைய பேச்சே அடங்கிவிட்டது. இந்த நேரத்தில் அதை மறுபடியும் கிளறினால் பிலிப் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று ஒரு யோசனை. சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்கிறேன். உன்னிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றுதான்.

எஞ்சானா


சிபு
22 மே 1997

பழைய பேச்சு அடங்கவில்லை. மகளை விட்டுவிட்டு முழுவதும் என் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மகள் கை சுத்தம் என்றால் அம்மா கைதான் அசுத்தம் என்று ஆகிவிட்டது. இது உங்களுக்குப் புரியாதா?

ஏழாம் தேதி வருகிறேன். நான் எதுவும் பேசமாட்டேன். பேச வேண்டியது நீங்கள்.

லுலோங்


காத்திபாஸ்
15 ஜூன் 1997

தங்கச்சி,

என்னால் முடியவில்லை.

நீ விருந்தாளி வரிசையில் வந்து என் வாசலில் நின்றபோது சொல்லத்தான் இருந்தேன். வாயைத் திறந்தால், “படகுல ரொம்பக் கூட்டமா?” என்று வந்தது. பிறகு முதல் கிண்ணத்தின்போது. அதுவும் போயிற்று. பிறகு ஜவாய் உன் கையைப் பிடித்தபோது. அப்போது நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி தள்ளிப்போடமாட்டேன். ஜவாய் மாத முடிவில் மறுவீட்டுக்கு வருகிறாள். ஊர் முன்னால் இல்லாவிட்டாலும் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கீரை, எலுமிச்சை, நீ கேட்டது, நான் சொன்ன பொய், நீ இழந்தது, எல்லாம். இந்தத் தடவை சத்தியம்.

எஞ்சானா


சிபு
21 ஜூன் 1997

எஞ்சானாவுக்கு,

உடனே இதை எழுதி, கிளம்பவிருக்கும் படகுக்காரரிடமே கொடுக்கிறேன். மாத முடிவுக்குள் உங்களுக்குக் கிடைத்துவிட வேண்டும்.

அன்று நடந்ததை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். நான் கொஞ்சம் சொல்கிறேன். நீள்வீட்டின் இருபத்திரண்டு வாசல், இருபத்திரண்டு கிண்ணம், விருந்தாளியாக வாங்கிக் குடித்துக்கொண்டு வந்தேன். உங்காட் என்னைப் பார்த்து, “வந்துட்டியா” என்றார். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு கிண்ணத்தையும் இறக்கும்போது உங்கள் வாயையே பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு பிலிப்பின் மாமன்களுக்குக் கிண்ணம் காலியானது. ஜவாய் கையில் வளையல்களோடு தடுமாறுகிறாளே என்று நான் அகப்பையை எடுத்தேன். எட்டு வருஷம் அந்த வீட்டில் நான்தான் ஊற்றினேன், பழக்கத்தில் கை போனது.

அவள் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அம்மா, நீங்க வேணாம். அத்தை பாத்துக்குவாங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, யாருக்கும் தெரியாதபடி, மிருதுவாக என் கையை ஜாடியிலிருந்து எடுத்துக் கீழே விட்டாள். பிலிப்பின் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. “பொண்ணு விவரமா இருக்கா” என்றாள். நீங்கள் மூடியை எடுத்து ஜாடியை மூடினீர்கள்.

சிபு திரும்பிய மறுநாள் காலை வேலைக்கு வந்து, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மூன்று நிமிஷம் கழுவ வேண்டும், சுவரில் கடிகாரம் இருக்கிறது. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. தலைமை நர்ஸ் வந்து குழாயை அடைத்தாள்.

நான் கேட்டதை இப்போது கொடுக்க வருகிறீர்கள். வேண்டாம். ஜவாயிடம் சொல்லாதீர்கள். அன்று அவள் என் கையைப் பிடித்தது அவளுக்கு இன்றைக்கு ஒரு விஷயமே இல்லை. புகுந்த வீட்டார் முன்னால் சாமர்த்தியமாக நடந்துகொண்டோம் என்று நினைத்திருப்பாள், இல்லை மறந்தே போயிருப்பாள். நீங்கள் சொன்னால், எந்தக் கையை எங்கிருந்து எடுத்துவிட்டோம் என்று சாகும்வரை அவளுக்குத் தெரிந்துபோகும். ஒவ்வொரு காவாய்க்கும் ஜாடியைத் திறக்கும்போது அது நினைவுக்கு வரும். அதை என் பிள்ளைக்கு என்னால் கொடுக்க முடியாது. ஏழாம் தேதிக்கு முன்பு சொல்லியிருந்தால் உங்களுக்கு மட்டும்தான் வலித்திருக்கும்.

சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாகப் படுக்கலாம் என்று பார்க்கிறீர்கள். அதற்கு என் மகள் கிடைக்கமாட்டாள்.

பதினோரு வருஷம் உங்களுக்காக மறைத்தீர்கள். இனி அவளுக்காக மறைத்து வையுங்கள். நானும் மறைக்கிறேன். என் கைதான் அசுத்தம் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைப் படித்ததும் அடுப்பில் போடுங்கள். முன்னால் நான் எழுதினவற்றையும் சேர்த்து.

லுலோங்